கொல்லைப்புறத்து நீதி

உண்ணும் உணவு ஹலாலா என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. அறுத்தவர் யார், இறைவன் திருப்பெயர் சொல்லப்பட்டதா, இரத்தம் முற்றும் வடிந்ததா என்றெல்லாம் கேட்ட பின்னரே இறைச்சியை அடுப்பில் ஏற்றுகிறோம். இக்கேள்விகள் யாவும் ஓர் உயிரின் இறுதி நிமிடத்தைப் பற்றியவை. அந்நிமிடத்திற்கு முன் அவ்வுயிர் எவ்வாறு வாழ்ந்தது என்ற கேள்வி நம் இல்லங்களில் அவ்வளவாக எழுவதில்லை. அக்கேள்வியை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியவள், அப்போது எட்டு வயதே நிரம்பியிருந்த நம் பேத்தி.

நம் இல்லத்துக் கொல்லையில் ஆறு முட்டைக்கோழிகள் இருந்தன. செவத்தி, புள்ளிச்சி, ராணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எது எந்த மூலையில் முட்டையிடும், எது அடைக்கு உட்காரும், எது தீனியைச் சிந்திச் சிதறும் என்பதெல்லாம் வீட்டார் அனைவருக்கும் அத்துபடி. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத் தொடக்கத்தில், குடும்ப விருந்தொன்றை முன்னிட்டு இருபது கறிக்கோழிக் குஞ்சுகளையும் வாங்கி வந்தோம். நம் கையால் தீனியிட்டு வளர்த்து, நம் கண்முன் மோதினாரைக் கொண்டு அறுத்துச் சமைப்பது கடை இறைச்சியைவிட மேலானது என்பது நம் எண்ணம்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். "உம்மா, இதுங்களுக்கு ஏன் பேரு வைக்கலே?" என்று கேட்டாள் பேத்தி.

"அறுக்கப்போற கோழிக்கு எதுக்கும்மா பேரு?" என்றார் அவளுடைய தாயார், அரிசி புடைத்துக்கொண்டே.

அந்த மறுமொழியில் கொடுமை ஏதுமில்லை. மனம் ஒட்டிவிட்டால் பிரிவது கடினம் என்று தாயுள்ளம் குழந்தையைக் காத்துக்கொண்டது, அவ்வளவே. எனினும் ஆழ்ந்து நோக்கினால், அதனுள் ஒரு தீர்ப்பு மறைந்திருப்பது புலப்படும். நெடுநாள் வாழப்போகும் உயிருக்கு நம்மிடம் ஓர் உரிமை. இறக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்ட உயிருக்கு அதைவிடச் சிறிய உரிமை என்பதே அத்தீர்ப்பு. இது சரிதானா?

நாம் சிறுவராயிருந்த நாளில் இந்த வினா எழ இடமே இருக்கவில்லை. அன்று முட்டைக்கோழி, கறிக்கோழி என்று இருவகை கிடையாது. கொல்லையில் மேய்வது ஒரே கூட்டம். பெட்டைகள் முட்டையிடும், அடைகாக்கும், பஞ்சாரத்தினுள் குஞ்சுகளை அணைத்துக்கொள்ளும். சேவல்கள் வளர்ந்தபின், விருந்தினர் வரும் நாளிலும் பெருநாளிலும் அறுக்கப்படும். முட்டை நின்றுபோன முதிய பெட்டை ஒருநாள் மிளகுச் சாறாகும். அடுப்பில் ஏறுவதும் முற்றத்தில் உலவுவதும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளே. ஆகவே, ஒன்றை நேசித்து மற்றொன்றைப் புறக்கணிக்க வழியில்லை.

அந்த ஒரு கோழியை இரண்டாகப் பிளந்தது சென்ற நூற்றாண்டு. காட்டில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி ஆண்டொன்றுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். அதன் வழிவந்த இன்றைய முட்டைக்கோழியோ ஆண்டுக்கு முந்நூறு முட்டைகள் வரை இடுகிறது. மற்றொரு புறம், இறைச்சிக்கென்றே ஓர் இனத்தை உருவாக்கும் முயற்சி முனைப்புடன் நடந்தது. 1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற பெயரிலேயே நாடு தழுவிய போட்டியின் இறுதிச்சுற்று நடைபெற்றது. மார்புத் தசை பெருத்து விரைவில் வளரும் கோழிக்கே பரிசு. அன்று தொடங்கிய ஓட்டம் எங்கு கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று சான்று. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய மூன்று கோழி வழிகளை ஒரே தீவனம் கொடுத்து அவர்கள் வளர்த்துப் பார்த்தனர். ஐம்பத்தாறாம் நாளில் முதலாவது 905 கிராம் இருந்தது. இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீனி ஒன்றே, நாட்கள் ஒன்றே. உடல் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. அந்த உடலைத் தாங்க வேண்டிய கால்களும் இதயமும் அதே வேகத்தில் வலுப்பெறவில்லை.

இவ்விருவகைக் கோழிகளையும் ஒரே கொல்லையில் வளர்க்க முற்பட்டபோது, நாம் ஒரு பிழை செய்தோம். பேத்தியின் கேள்வி நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்ததால், "எல்லாம் இறைவன் படைப்புகளே, இவற்றுக்குள் வேற்றுமை வேண்டாம்" என்று எண்ணி, மூன்றாம் வாரத்தில் குஞ்சுகளைப் பெட்டைகளோடு ஒன்றாகத் திறந்துவிட்டோம். ஒரே தீனியை ஒரே தட்டில் வைத்தோம். சமமாக நடத்துவதே நீதி என்று நம்பினோம்.

விளைவு வேறாயிற்று. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு. நார்வே நாட்டின் ஷெல்டெரப் எப்பே என்பார் இளமை முதலே தம் வீட்டுக் கோழிகளைக் கவனித்து, 1922இல் இவ்வுண்மையை எழுதி உலகறியச் செய்தார். அவ்வரிசையில் புதிதாய் வந்த குஞ்சுகளுக்குக் கடைசி இடமே. ராணி கொத்திய கொத்தில் இரண்டு குஞ்சுகளின் தலையில் தோல் உரிந்தது. அடுத்து தீனி. முட்டையின் ஓட்டிற்காக முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு சுண்ணாம்புச் சத்து சேர்க்கப்படுகிறது. வளரும் குஞ்சுக்கு ஒரு பங்கு அளவே போதும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். கறிக்கோழிக் குஞ்சின் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு வரை இருக்கும். முட்டைக்கோழிக்குப் பதினாறு, பதினெட்டே போதுமானது. மேலும், முதிய கோழிகள் தாம் நோயுறாமலே சுமந்து திரியும் கிருமிகள் இளங்குஞ்சுகளைச் சாய்த்துவிடக்கூடும். கழிச்சலில் மூன்றை இழந்தோம். பங்குனி நடுவில், வெயில் ஏறிய ஒரு பிற்பகலில், மேலும் நான்கு கொட்டகை நிழலிலேயே வாய் பிளந்து மூச்சிரைத்து மடிந்தன. அதே வெயிலில் செவத்தியும் புள்ளிச்சியும் வேலியோரத்து மண்ணைக் கிளறிக் குளிர்ந்த பள்ளத்தில் சுகமாகப் படுத்திருந்தன. பெருத்த உடல் கொண்டவை எழுந்து அந்தப் பள்ளம் வரை நடக்கவே முயலவில்லை.

அன்று மாலை அந்த நான்கையும் புதைத்துவிட்டு வந்து அமர்ந்தபோது ஒன்று விளங்கிற்று. சமம் வேறு, நீதி வேறு. ஒவ்வொன்றுக்கும் அதற்குரியதை அளிப்பதே நீதி. குஞ்சுக்குக் கதகதப்பும் தனித் தடுப்பும் நீதி. பெட்டைக்குத் திறந்த கொல்லையும் முட்டையிட இருண்ட மூலையும் நீதி. நாம் பிரித்து வைத்திருக்க வேண்டும்; பிரித்து வைத்துக்கொண்டே இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. நம் முன்னோர் எழுதிவைத்துச் சென்றதைப் படியாமல் விட்டோம் என்பதே உண்மை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் வாழ்ந்து 1262இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் தம் நூலில், மனிதர் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார்கள். அவற்றுக்குரிய உணவுச் செலவைச் செய்ய வேண்டும். முதுமையாலோ நோயாலோ பயன் அற்றுப்போனாலும் அச்செலவை நிறுத்தலாகாது. தாங்க இயலாததைச் சுமத்தலாகாது. தன்னினமோ பிற இனமோ, அதைக் காயப்படுத்தக்கூடிய ஒன்றோடு சேர்த்து வைக்கலாகாது. தங்குமிடத்தையும் நீருண்ணும் இடத்தையும் செம்மையாக வைக்க வேண்டும். அறுக்கும்போது நல்ல முறையில் அறுக்க வேண்டும். இவை அவர்கள் கூறும் உரிமைகளுள் சில.

இப்பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. அறுக்கப்படும் பிராணியும் அறுக்கப்படாத பிராணியும் இங்கே ஒரே வரிசையில் வருகின்றன. அறுக்கப்படப் போவது என்பதால் எந்த உரிமையும் குறைக்கப்படவில்லை. நல்ல முறையில் அறுக்கப்பட வேண்டும் என்ற உரிமை ஒன்று கூடுதலாகவே வந்து சேர்கிறது. நம் இல்லத்துத் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது!

இங்கே ஒருவர் மறுத்துரைக்கலாம். "இக்கோழியை நாம் வாங்காவிடில் அது பிறந்தே இராது. ஆறு வாரமேனும் உலகைக் கண்டது நம்மாலன்றோ? அதற்குமேல் அது என்ன கேட்க முடியும்?" என்பார். கேட்பதற்கு இது நியாயம் போலத் தோன்றும். ஆனால் இந்த நியாயத்தைச் சற்றே நீட்டிப் பாருங்கள். பிறப்பிற்குக் காரணமாயிருந்தவன் வாழ்வை எப்படியும் நடத்தலாம் என்றால், பெற்றவர் பிள்ளைகளுக்குச் செய்யும் எந்தக் கொடுமையையும் கண்டிக்க நமக்கு வாய் இராது. அன்றியும், உயிரைத் தந்தவர்கள் நாமல்லர். பொரிப்பகத்தின் வெப்பமும் நம் பணமும் சேர்ந்து ஓர் உயிரை ஆக்கிவிடவில்லை. அது நம் கைக்கு வந்த அமானிதம். அமானிதம் ஆறு வாரத்திற்குரியதாயினும் ஆறு ஆண்டுக்குரியதாயினும், ஒப்படைத்தவன் ஒருவனே.

"எப்படியும் சாகப்போவதுதானே" என்பது மற்றொரு வாதம். மண்ணில் பிறந்தோரில் எப்படியும் சாகாதவர் யார்? நமக்கும் ஓர் அஜல் குறிக்கப்பட்டே இருக்கிறது. நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக நம் நோன்பும் பெருநாளும், நம் பசியும் உறக்கமும் பொருளற்றவை ஆகிவிடுமா? நாட்கள் குறைவென்றால், ஒவ்வொரு நாளும் அதிகப் பெறுமானம் உடையதென்றே நாம் நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். நாற்பத்தைந்து நாளே வாழும் கோழிக்கு ஒருநாள் வேதனை என்பது அதன் வாழ்வில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு.

"அப்படியாயின் இறைச்சி உண்பதையே விட்டுவிடுங்கள்" என்று வேறொருவர் கூறலாம். அவ்வழியை மனச்சான்றுடன் மேற்கொள்வோரை நாம் மதிக்கிறோம். ஆயினும் இறைவன் அனுமதித்ததை நாம் விலக்கிக்கொள்ளத் தேவையில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதை அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. நாம் சொல்ல விரும்புவது, அனுமதி என்பதன் பொருளைப் பற்றியது. அனுமதி பெற்றே ஒன்றைத் தொடுகிறோம் என்றால், அது நம்முடையதன்று என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம். அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொல்வது அந்த ஒப்புதலே. 'இவ்வுயிர் என்னுடையதன்று, உடையவன் பெயரால் எடுக்கிறேன்' என்று நாவு சொல்கிறது. கத்தி கழுத்தில் படும் நொடியில் மட்டும் அது இறைவனுடையதாக இருந்து, அதற்கு முந்திய நாற்பத்தைந்து நாளும் வெறும் எடையாக இருந்திருக்க முடியுமா?

மார்க்கச் சட்டமே கோழியின் வாழ்நாளைத் திரும்பிப் பார்க்கிறது. அசுத்தத்தைத் தின்று திரிந்த கோழியை உடனே அறுக்காமல், அடைத்து வைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே அறுக்க வேண்டும் என்பது சட்டநூல்கள் கூறும் முறை. இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு மூன்று நாள் அடைத்து வைப்பார்கள் என்று செய்தி உண்டு. உண்பவரின் தூய்மையை முன்னிட்டது இவ்விதி என்பது மெய்யே. ஆயினும், ஹலாலான அறுப்பு ஒன்றே போதும், அதற்கு முந்திய வாழ்வைக் கேட்க வேண்டியதில்லை என்று நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இது சான்றாகும். அனைத்திலும் செம்மையை இறைவன் விதித்திருக்கிறான் என்றும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு இலகுவாக்க வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) போதித்த கருத்தும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. அங்கே 'அனைத்திலும்' என்ற சொல் முதலில் வருகிறது. கத்தி பிறகே வருகிறது.

இனி, பெயர் சூட்டப்பட்ட கோழிகளின் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். செவத்தியையும் ராணியையும் நாம் நேசித்தது உண்மைதானா? முட்டை இடும் வரை நேசித்தோம். இரண்டாண்டு கடந்து முட்டை குறைந்தபோது, "தீனிக்கு நட்டம்" என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. கறிக்கோழியை அதன் எடையால் அளந்தோம். முட்டைக்கோழியை அதன் முட்டையால் அளந்தோம். பெயர் வைத்திருந்தது ஒன்றே வேற்றுமை. முதிய பெட்டையை அறுத்து உண்பதை எந்த அறிஞரும் தடுக்கவில்லை. உயிரோடு வைத்துக்கொண்டே தீனியைக் குறைப்பதும், பயன் முடிந்ததென்று கவனியாமல் விடுவதுமே தடுக்கப்பட்டவை.

நம் பார்வைக்கு வராத மூன்றாவது கூட்டமும் உண்டு. முட்டையினத்தில் பிறக்கும் சேவற்குஞ்சுகள் முட்டையிடா; இறைச்சிக்கும் போதிய சதை வைக்கா. ஆகவே, பொரித்த அன்றே அவை பெருமளவில் அழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் தெருக்களில் பச்சையும் சிவப்புமாய்ச் சாயம் பூசிக் கூடையில் வரும் குஞ்சுகள் பெரும்பாலும் இந்தச் சேவற்குஞ்சுகளே. குழந்தைகளின் கையில் இரண்டு நாள் விளையாட்டுப் பொருளாயிருந்து அவை மடிகின்றன. முட்டை உண்பதில் உயிர்ப்பழி ஏதுமில்லை என்று எண்ணியிருப்போர் இந்தக் கூடையை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

நம் கதையின் கடினமான பகுதியை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். எஞ்சிய பதின்மூன்றில் ஒன்றுக்குப் பேத்தி இரகசியமாக 'முத்து' என்று பெயர் சூட்டியிருந்தாள். விருந்து நாள் வந்தபோது அதை மட்டும் விட்டுவிடும்படி அழுதாள். விட்டுவிட்டோம். மற்றப் பன்னிரண்டும் ஒன்று மற்றொன்றைக் காணாதவாறு, தீட்டிய கத்தியால் அறுக்கப்பட்டன. முத்து பிழைத்தது. நான்கு வாரம் கழிந்தது. அதன் கால்கள் வளைந்தன. தீனித்தட்டின் முன் அமர்ந்தே கிடந்தது. மார்பில் இறகு உதிர்ந்து புண்ணாயிற்று. தீனியைக் குறைத்தால் பசியால் கத்திற்று. கொடுத்தாலோ மேலும் பெருத்தது. இறுதியில் மோதினாரை மறுபடியும் அழைக்க நேர்ந்தது. "நான் அதைக் காப்பாத்தினேன்னு நெனச்சேனே!" என்று பேத்தி சொன்ன சொல் இன்னும் நம் காதில் நிற்கிறது.

அவள் தவறு செய்யவில்லை. நெடுநாள் வாழ இயலாதவாறு அந்த உடலை ஆக்கியது அவளல்லள். இத்தகைய குஞ்சுகளை ஈனும் தாய்க்கோழிகளை வயிறார உண்ணவிட்டால் அவையும் இதே கதிக்கு ஆளாகும். ஆதலால் தாய்க்கோழிப் பண்ணைகளில் அவற்றை அரைப்பட்டினியில் வைக்கிறார்கள். இங்கேதான் கொல்லைப்புறத்துக் கருணை தன் எல்லையைத் தொடுகிறது. நிழல் தரலாம், நீர் தரலாம், இரவில் தீனியை எடுத்து வளர்ச்சியைச் சற்றே தணிக்கலாம், உரிய நாள் கடந்து போகாமல் அறுத்து வேதனையைத் தவிர்க்கலாம். ஆனால் உடலாகவே அமைந்துவிட்ட துன்பத்தை எந்த நிழலும் போக்காது. அறுப்பதைத் தள்ளிப்போடுவது இரக்கமாகாத நிலைக்கு ஓர் உயிரினத்தைக் கொண்டுவந்துவிட்டோம் என்பது மனிதகுலம் வெட்கப்பட வேண்டிய செய்தி. தாங்க இயலாததைச் சுமத்தலாகாது என்று இமாம் அவர்கள் எழுதியபோது, முதுகின் மேல் ஏற்றும் பொதியை நினைத்திருக்கக்கூடும். சுமையை உடலுக்குள்ளேயே ஏற்றிவிடும் காலம் வந்துவிட்டது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? நாம் கண்ட வழி எளியது. சற்றுச் செலவு மிக்கது. விரைந்து பெருக்கும் குஞ்சுகளை இப்போது நாம் வாங்குவதில்லை. முட்டையும் இறைச்சியும் ஒருங்கே தரும் இனங்கள் இருக்கின்றன. ஐதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா அவற்றுள் ஒன்று. நம் நாட்டுக்கோழி இருக்கவே இருக்கிறது. அவை வளர மாதங்கள் கூடுதலாகும். தீனிச் செலவு ஏறும். கறியும் சற்று அழுத்தமாக இருக்கும். ஆகவே, முன்பு வாரம் இருமுறை கோழி சமைத்த இல்லத்தில் இப்போது மாதம் இருமுறை சமைக்கிறோம். இதனால் யாரும் இளைத்துவிடவில்லை. எல்லா இல்லங்களுக்கும் கொல்லை இல்லை, கூடுதல் விலை கொடுக்க வசதியும் இல்லை என்பதை அறிவோம். வாங்கித்தான் உண்ண வேண்டியவர்கள், வாங்கும் அளவையும் வீணாக்கும் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். விருந்தில் இலையில் மிச்சம் வைத்து எறியப்படும் ஒவ்வொரு துண்டும், ஓர் உயிர் எவருடைய பசிக்கும் உதவாமல் எடுக்கப்பட்டதற்குச் சாட்சியாகும்.

இறைவனின் திருமறை, ஆறாம் அத்தியாயத்தில், ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை எடுத்துரைக்கிறது. நம் கொல்லையில் இருப்பவையும் ஒரு சமுதாயம். அவற்றின் வாழ்நாளைச் சுருக்கிக்கொள்ள நமக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. வாழும் நாளைத் துன்பமாக்க இடம் தரப்படவில்லை.

பேத்தி இப்போது வளர்ந்துவிட்டாள். கொல்லைக்கோழிகளுக்குத் தீனி வைப்பது அவள் பொறுப்பு. அறுக்கப்படவிருக்கும் சேவல்களுக்கும் பெயர் சூட்டியிருக்கிறாள். "பேரு வெச்சா அறுக்கும்போது மனசு கஷ்டப்படாதா?" என்று அவளுடைய தாயார் கேட்டபோது, "கஷ்டப்படட்டும் உம்மா. அப்பத்தான் தெனமும் ஒழுங்கா பாத்துக்குவோம்" என்றாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி, தட்டில் குருணையைக் கொட்டினாள். அறுக்கும் நாளில் மட்டும் நாம் சொல்லிவந்த அச்சொல்லைத் தீனி வைக்கும் வேளையிலும் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள் அவள். நாமும் அவளிடமிருந்து கற்றுக்கொள்ளலாமே!